பட்டாணிச் செடியும் பரீட்சைத் தாளும்

மூவரசர் திருநாள் முடிந்து, கோவிலில் அமைத்திருந்த குடிலை இளைஞர்கள் பிரித்துக்கொண்டிருந்த மாலை வேளை. நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். மகன் மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவன். அவன் கையில் அரையாண்டுத் தேர்வின் உயிரியல் விடைத்தாள் இருந்தது. 70-க்கு 21 மதிப்பெண்.

“சாமி, இவன் புத்தகத்தைக் கீழே வைப்பதே இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கிறான். ஆனாலும் மதிப்பெண் இப்படி வருகிறது. இவன் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று இவன் அக்காள் தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள் கல்யாணத்துக்கென்று கட்டிவந்த நகைச்சீட்டுப் பணமும் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டது. இவன் அப்பாவோ, ‘இவனுக்குப் படிப்பு ஏறாது, நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்பு’ என்கிறார். நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்” என்று கூறிக் கண்கலங்கினார் அந்த அன்னை.

நாம் மகனை அருகில் அழைத்தோம். “தம்பி, இதயத்தைப் பற்றிச் சொல், பார்ப்போம்” என்றோம். அருவிபோலக் கொட்டினான். நான்கு அறைகள், ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு, வலது வென்ட்ரிக்கிளைவிட இடது வென்ட்ரிக்கிளின் சுவர் தடிப்பானது என ஒரு சொல்லும் பிசகவில்லை. “நன்று. இடப்புறச் சுவர் மட்டும் ஏன் தடிப்பாக இருக்க வேண்டும்?” என்று கேட்டோம். அவன் திகைத்து நின்றான். “அது புத்தகத்தில் இல்லை, சாமி” என்றான்.

அவனுடைய நோய் இன்னதென்று அக்கணமே விளங்கிவிட்டது. வலது வென்ட்ரிக்கிள் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டுமே இரத்தத்தைச் செலுத்துகிறது. இடது வென்ட்ரிக்கிளோ தலை உச்சி முதல் கால் விரல் வரை உடல் முழுவதற்கும் செலுத்த வேண்டும். மிகுந்த வேலைக்கு மிகுந்த தசை தேவையன்றோ? இதனை ஒருமுறை உணர்ந்தவன் மறப்பதில்லை. உணராமல் நூறு முறை உருப்போட்டவன், வினா சற்றே திரும்பி வந்தால் திணறிப்போகிறான். பையனிடம் உழைப்புக்குக் குறைவில்லை. உழைப்பு சென்ற வழிதான் தவறு.

வேலியில் மலர்ந்த பாடம்

கல்லறைத் தோட்டத்து வேலியில் சங்குப்பூக் கொடி படர்ந்து கிடக்கிறது. நாம் அவனை அங்கு அழைத்துச் சென்று ஒரு பூவைப் பறித்துக் கொடுத்தோம். “இதைப் பிரித்துப் பார்” என்றோம். பெரிய கொடியல்லி ஒன்று, சிறகல்லிகள் இரண்டு, அவற்றுக்குள்ளே படகல்லிகள் இரண்டு. படகல்லிகளை ஒரு குண்டூசியால் மெல்ல விலக்கினான். உள்ளே மகரந்தத்தாள்கள் பத்து. அவற்றுள் ஒன்பது ஒன்றாக இணைந்திருந்தன, ஒன்று மட்டும் தனித்து நின்றது.

“புத்தகத்தில் உள்ளது அப்படியே இங்கும் இருக்கிறது, சாமி!” என்று வியந்தான். ‘இருகற்றை மகரந்தத்தாள்கள், 9 + 1’ என்று பலமுறை மனப்பாடம் செய்தவன்தான். தினமும் அந்த வேலியைக் கடந்தே பள்ளிக்குச் சென்றுவந்தவன்தான். எனினும் இரண்டும் ஒன்றே என அன்றுவரை அவன் அறிந்ததில்லை. “தம்பி, பூவில் உள்ளதுதான் புத்தகத்தில் வந்திருக்கிறது. பூதான் முந்தியது” என்றோம்.

பெற்றோரே, உயிரியல் என்பது பெயர்களின் பட்டியலன்று. அது உயிருள்ளவற்றை உற்று நோக்கி, ‘ஏன்?’ என்றும் ‘எவ்வாறு?’ என்றும் வினவும் கல்வி. உங்கள் சமையலறையே அதற்கு ஓர் ஆய்வுக்கூடம். நீரில் ஊறிய உலர்ந்த திராட்சை பருப்பதும், உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதும் சவ்வூடு பரவலின் இரு முகங்கள். இரவில் கரைத்துவைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பது நுண்ணுயிர்கள் நடத்தும் நொதித்தல். தண்ணீர்க் குவளையின் வாயில் ஒரு வெங்காயத்தை அமர்த்தினால் சில நாட்களில் வெண்ணிற வேர்கள் இறங்கும். பள்ளி ஆய்வகத்தில் செல் பகுப்பைக் காண எடுப்பது அவ்வேரின் நுனியைத்தான். இறைச்சிக் கடையில் ஓர் ஆட்டு இதயத்தை வாங்கிக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள். இடப்புறச் சுவரின் தடிப்பைப் பிள்ளை தன் விரலாலேயே தொட்டறிவான்.

தேர்வில் தோற்ற துறவி

அந்தச் சங்குப்பூவின் உறவினமே பட்டாணிச் செடி. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, பூவின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. பட்டாணியை வைத்து மரபியல் எனும் இயலுக்கே அடிகோலியவர் கிரிகர் மெண்டல் என்பதை மேல்நிலை மாணவர் அனைவரும் படிக்கின்றனர். ஆனால் அவரது வாழ்வைப் படிப்போர் சிலரே.

இன்று செக் குடியரசில் உள்ள ஒரு சிற்றூரில், 1822-இல் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தவர் மெண்டல். வறுமையாலும் நோயாலும் அவரது படிப்பு தடைபட்டது. அவ்வேளையில் அவருடைய தங்கை தெரேசியா, தன் திருமணத்துக்கென இருந்த பங்கின் ஒரு பகுதியை அண்ணனின் படிப்புக்காக விட்டுக்கொடுத்தாள். அந்த உதவியால் கல்வியைத் தொடர்ந்த அவர், 1843-இல் பிர்னோ நகரிலிருந்த அகுஸ்தினார் சபை மடத்தில் சேர்ந்து, 1847-இல் குருவானார்.

அவருக்கு ஆசிரியர் பணியில் விருப்பம் மிகுதி. ஆனால் 1850-இல் எழுதிய ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்றுப்போனார். பின்னர் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுகள் பயின்றார். 1856-இல் மீண்டும் முயன்றும் சான்றிதழ் கிட்டவில்லை. அதே 1856-இல்தான் அவர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஆய்வைத் தொடங்கினார். 1863 வரை ஏறத்தாழ 28,000 செடிகளை வளர்த்துப் பொறுமையோடு எண்ணிப் பார்த்தார்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறையில் கிடைத்தவை அனைத்தும் உருண்டையே. சுருக்கம் மறைந்தேபோயிற்று என்று எண்ணத் தோன்றும். அவற்றைத் தற்கலப்புச் செய்ய விட்டபோது, அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. மறைந்த பண்பு அழியவில்லை, உள்ளே ஒடுங்கியிருந்து மீண்டது. விகிதம் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. 1866-இல் வெளியான அவரது கட்டுரையின் பெருமையை உலகம் உணர்ந்தது 1900-இல். அவர் மறைந்ததோ 1884-இல்.

இதை நாம் சொல்லி முடித்தபோது அந்தப் பையன் தன் விடைத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “அந்தத் தங்கை என்ன ஆனாள், சாமி?” என்று கேட்டான். மெண்டல் நன்றி மறக்கவில்லை. தங்கையின் மைந்தர் மூவரையும் படிக்க உதவினார். அவர்களுள் இருவர் மருத்துவராயினர். பையன் தன் தாயை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

கற்கும் முறை

அன்று அந்தக் குடும்பத்துக்குச் சொன்னவற்றை எல்லாப் பெற்றோருக்கும் இங்கு சொல்ல விழைகிறோம்.

முதலாவதாக, வாசிப்பதைக் குறைத்து நினைவுகூர்வதை மிகுதியாக்க வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் எனும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவருள் ஒரு சாரார் ஒரு பகுதியை நான்கு வேளைகள் வாசித்தனர். மற்றொரு சாரார் ஒரே வேளை வாசித்து, புத்தகத்தைப் பாராமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதினர். ஒரு வாரம் சென்று சோதித்தபோது முன்னவருக்கு 40 விழுக்காடும் பின்னவருக்கு 61 விழுக்காடும் நினைவில் இருந்தன. ஆனால் வாசித்து ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது, வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தாம் முன்னின்றனர்! நம் பிள்ளைகள் ஏமாறுவது இங்குதான். படித்த உடனே எல்லாம் தெரிவதுபோலத் தோன்றுகிறது. தேர்வு நாளன்றோ கை நடுங்குகிறது. எனவே ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் நினைவில் உள்ளதை எழுதி, விடுபட்டதைப் பின்னர் ஒப்பிடட்டும். மறுநாளும், மறு வாரமும், மறு மாதமும் அவ்வாறே செய்யட்டும்.

இரண்டாவதாக, படம் வரைதல். நெஃப்ரானையோ பூவின் சூலகத்தையோ பாராமல் வரைந்து பாகம் குறிக்க இயன்றவன் அப்பாடத்தை வென்றுவிட்டான். அழகு முதன்மையன்று. எந்தக் குழாய் எதனோடு சேர்கிறது, இரத்தம் எத்திசையில் பாய்கிறது என்பதே முதன்மை.

மூன்றாவதாக, பிறருக்கு விளக்கிச் சொல்லுதல். “இரவில் அரைமணி நேரம் உன் அக்காளுக்குப் பாடம் சொல். புத்தகம் அவள் கையில் இருக்கட்டும். அவளுக்குப் புரியவில்லை என்றால் உனக்கும் முழுமையாகப் புரியவில்லை என்று பொருள்” என்றோம். மெண்டலின் விகிதத்தை விளக்க இரண்டு நாணயங்கள் போதும். ஒரு நாணயம் தாய்ச்செடி, மற்றொன்று தந்தைச்செடி. தலை விழுந்தால் உருண்டை, பூ விழுந்தால் சுருக்கம். இரண்டையும் சேர்த்து நூறுமுறை சுண்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தலையாவது விழுந்தால் அது உருண்டை விதை. இரண்டும் பூவானால் மட்டுமே சுருங்கிய விதை. ஏறத்தாழ நான்கில் ஒரு முறைதான் அது நிகழும்.

நான்காவதாக, முதலாம் ஆண்டுப் பாடத்தைத் தள்ளிவிடலாகாது. மியாசிஸ் எனும் குன்றல் பகுப்பு முதலாம் ஆண்டில் வருகிறது. குரோமோசோம்கள் இணை பிரிந்து செல்வதை அங்கே உணராதவனுக்கு இரண்டாம் ஆண்டின் மெண்டல் விதிகள் வெறும் எழுத்துகளே. நம் மாநிலத்தின் மேல்நிலை உயிரியல் தேர்வில் எழுத்துத் தேர்வுக்குரிய 70 மதிப்பெண்கள், தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35 எனச் சமமாகப் பிரிகின்றன. ஒன்றை விரும்பி மற்றொன்றை விடுவோர் பாதியை இழக்கின்றனர். மருத்துவம் நாடுவோர் எழுதும் நீட் தேர்விலும், 2025-ஆம் ஆண்டில், 180 வினாக்களுள் 90 உயிரியலுக்குரியவை. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிவு. அரைகுறையாய் அறிந்தவனை அத்தேர்வு தண்டிக்கிறது.

பெற்றோருக்கு ஒரு சொல்

உயிரியல் என்றாலே மருத்துவர் எனும் ஒற்றை வாயிலைத்தான் நாம் காண்கிறோம். அவ்வாயில் நல்லதே. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றோருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அளிக்கும் சட்டம் 2020-இல் நம் மாநிலத்தில் வந்தபின், ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் அதன் வழியே நுழைந்துள்ளனர். ஆனால் வாயில்கள் வேறும் உண்டு. கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம் ஆகியவற்றின் மாநில இடங்கள் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. செவிலியம், மருந்தியல், ஆய்வகத் தொழில்நுட்பம் எனப் பலவும் உள்ளன. “டாக்டராகாவிட்டால் நீ ஒன்றுமில்லை” என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். தேர்வில் இருமுறை தோற்றவரின் பெயரை இன்று தேர்வுத்தாளே கேட்கிறது!

அந்தப் பையனின் கதையையும் சொல்லி முடிக்கிறோம். தந்தை மனமிரங்கி மார்ச்சு மாதத் தேர்வு வரை பொறுத்திருக்க இசைந்தார். அரசுத் தேர்வில் எழுத்துத் தாளில் அவன் பெற்றது 70-க்கு 49. மருத்துவ இடம் கிட்டவில்லை. இன்று அவர் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் பயில்கிறார். விடுமுறையில் வந்தபோது, நுண்ணோக்கியில் முதன்முதலாக இரத்த அணுக்களைத் தம் கண்ணால் கண்டதைக் கைகளை ஆட்டி ஆட்டி விவரித்தார்.

உடன் வந்திருந்த அக்காள் குறுக்கிட்டு, “வெள்ளையணு எத்தனை வகை என்று கேளுங்கள் சாமி, நானே சொல்வேன்” என்றாள். பத்தாம் வகுப்போடு நின்றவள் அவள். ஒவ்வோர் இரவும் புத்தகத்தைக் கையில் பிடித்துத் தம்பியின் பாடத்தைக் கேட்டவள், இப்போது மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத ஆயத்தமாகிறாள். மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பவர் தம்பி. தேர்வுக் கட்டணத்தையும் தாமே கட்டப்போவதாகக் கூறினார்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளையின் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். “எனக்குச் சொல், கேட்கிறேன்” என்று எதிரில் அமருங்கள். புரியாத இடத்தில் ‘ஏன்?’ என்று கேளுங்கள். அவ்வளவு போதும்.