புள்ளிக்குப் பின்னால் இருக்கும் பால்

எங்கள் கற்றல் மையம் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. மாடு வளர்ப்பவர்களும் நிறைய.

ஒரு நாள் இரவு ஓர் அக்கா பால் புத்தகத்தோடு வந்தார்.

"தம்பி, தினமும் ஒரே அளவுதான் ஊத்துறேன். சீட்டுல 2.7ன்னு இருக்கு. புத்தகத்துல 2ன்னு மட்டும் எழுதியிருக்கு. புள்ளிக்கு அப்புறம் இருக்கறது சின்னதுதானே? விட்டுடலாமா?"

விடலாமா என்று பார்ப்போம்.

2.7 லிட்டர் என்றால் என்ன? இரண்டு லிட்டர், அதோடு ஒரு லிட்டரைப் பத்துப் பங்காக்கினால் அதில் 7 பங்கு. ஒரு பங்கு 100 மில்லி. 100 மில்லி பிடிக்கும் சின்னக் குவளையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துக் குவளை ஒரு லிட்டர். அப்படியானால் 2.7 லிட்டர் என்பது 27 குவளை.

ஏழு நாளைக்கு எவ்வளவு? 27 × 7 = 189 குவளை. பத்துப் பத்தாக எடுத்தால் 18 லிட்டர். மீதி 9 குவளை. அதாவது 18.9 லிட்டர்.

நான் பள்ளியில் படித்தபோது, "புள்ளியை மறந்துவிட்டுப் பெருக்கு, பிறகு புள்ளி வை" என்று மட்டும் சொல்லித் தந்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை. குவளையை வைத்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. புள்ளியை நாம் மறக்கவில்லை. லிட்டரைக் குவளையாக மாற்றினோம். பெருக்கினோம். திரும்பவும் லிட்டர் ஆக்கினோம். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருந்தது. விடையிலும் ஓர் இலக்கம்.

புள்ளியை இடம் மாற்றி வைத்துவிட்டால்? 2.7 என்பது 3-க்குக் குறைவு. ஏழு மூன்று 21. விடை 21-க்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். 189 என்றோ 1.89 என்றோ வந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

பணமும் இப்படித்தான். 40.25 ரூபாய் என்றால் 4025 காசு. புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம்.

1957 ஏப்ரல் 1-க்கு முன்னால் நம் நாட்டில் ரூபாய்க்கு 16 அணா. 3 ரூபாய் 7 அணாவை 6-ஆல் பெருக்கினால் 18 ரூபாய் 42 அணா. 42 அணாவை 16-ஆல் வகுத்து 2 ரூபாய் 10 அணா ஆக்க வேண்டும். மொத்தம் 20 ரூபாய் 10 அணா. தாத்தா பாட்டி இதை மனக்கணக்காகப் போட்டார்கள்! அந்த நாளிலிருந்து ரூபாய்க்கு 100 காசு ஆனது. அதனால்தான் புள்ளி வைத்து எழுத முடிகிறது.

பூச்சியத்தைக் கவனியுங்கள். 2.05 வேறு, 2.5 வேறு. 2.05 × 6 = 12.30. ஆனால் 2.5 × 6 = 15.0. ஆறு நாளில் 2.7 லிட்டர் வித்தியாசம்! அக்காவின் ஒரு நாள் பால் அது.

இனி அக்காவின் கணக்கு. பத்து நாளாக 0.7 விட்டுப்போயிருந்தது. 0.7 என்பது 7 குவளை. பத்து நாளில் 70 குவளை, அதாவது 7 லிட்டர். கொழுப்பைப் பொறுத்து விலை மாறும். அந்தப் பத்து நாளும் சீட்டில் ஒரே விலை, லிட்டருக்கு 40.25 ரூபாய்.

4025 × 7 = 28175 காசு. இரண்டு இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் 281.75 ரூபாய்.

மாட்டுத் தீவனத்துக்கு ஆகும் பணம். அக்கா பேசாமல் சீட்டுகளை மடித்து எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் சங்கத்தில் பத்துச் சீட்டையும் காட்டினார். எழுதுபவர் பார்த்தார், அடித்துத் திருத்தினார். அடுத்த பட்டுவாடாவில் 281.75 ரூபாய் சேர்ந்து வந்தது.

சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சீட்டு இல்லாமல் இந்தக் கணக்கு நின்றிருக்காது.

நீங்கள் போட்டுப் பாருங்கள்:

ஒரு வீட்டில் தினமும் 3.4 லிட்டர் ஊற்றுகிறார்கள். புத்தகத்தில் 3 என்று எழுதுகிறார்கள். 15 நாளில் எத்தனை லிட்டர் விட்டுப்போகும்? லிட்டர் 38.50 ரூபாய் என்றால் எவ்வளவு பணம்?

(விடை: 6 லிட்டர், 231 ரூபாய்.)