உதிரும் செதிலும் ஓடும் இரத்தமும்

ஒரு மனிதனுடைய உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து அளந்தால், அவன் சரீரத்தின் மேற்பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு என்பது சரும வைத்தியர்கள் நாள்தோறும் கையாளும் கணக்கு. ஆங்கில வைத்தியத்தில் சொரியாசிஸ் என்றும், சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்றும் வழங்கும் வியாதியுடன் ஒருவர் வந்து நிற்கும்போது, முழங்கையிலும் முழங்காலிலும் முதுகிலும் தலையிலும் தடித்து வெள்ளிநிறச் செதில்களை உதிர்க்கும் அந்தப் படைகள் அவருடைய கையால் எத்தனை கை அகலம் இருக்கும் என்று கண்ணால் மதிப்பிட்டுத்தான் வைத்தியர் நோயின் கடுமையை நிர்ணயிக்கத் தொடங்குகிறார்.

இந்தக் கண்மதிப்புக்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியவர்கள் பிரெட்ரிக்சன், பெட்டர்சன் என்னும் இருவர். 1978-ஆம் ஆண்டில் ஒரு புதிய மருந்தைச் சோதிக்கும் பொருட்டு அவர்கள் வகுத்த 'பாசி' என்னும் அளவையில், தலை, கைகள், உடல், கால்கள் ஆகிய நான்கிலும் சிவப்பு, தடிப்பு, செதில் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, பரப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், 0 முதல் 72 வரை ஓர் எண் கிடைக்கும். ஆனால் ஒரே நோயாளிக்கு இரண்டு வைத்தியர்கள் இரண்டு விதமான எண்களைத் தருவது அபூர்வமன்று. தவிரவும், நம்மவரின் கருமை கலந்த சருமத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரிவதில்லை. ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ மங்கித் தோன்றுவதால், நோய் உள்ளபடிக்குக் குறைவாகவே மதிப்பிடப்படவும் கூடும்.

உண்மையில் இது தோலோடு நின்றுவிடும் வியாதியும் அன்று. சாதாரணமாக நான்கு வாரத்தில் பிறந்து, வளர்ந்து, உதிர்ந்து போகும் மேல்தோலின் உயிரணுக்கள், இந்நோயில் ஒரு வாரத்துக்குள்ளாகவே மேலே வந்து குவிவதற்குக் காரணம், நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களில் ஒரு சாரார் காரணமின்றிக் கிளர்ச்சியுற்று, இன்டர்லூகின்-17 போன்ற தூதுப் புரதங்களை ஓயாமல் வெளியிடுவதேயாகும். அந்தத் தூது இரத்தத்திலும் கலக்கிறது. சிலருக்கு மூட்டுகள் வீங்குகின்றன. கடுமையான நோயுள்ளவர்களுக்கு மாரடைப்பின் அபாயமும் அதிகம். ஆகவே, நோயின் அளவை இரத்தத்திலேயே படித்துவிட முடியாதா என்ற வினா எழுந்தது இயல்பே.

படிப்பதற்கு எளிய எழுத்துக்கள் முன்பே இருந்தன. நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் 1930-இல் டில்லட், பிரான்சிஸ் என்போர் கண்டறிந்ததும், கல்லீரலில் உற்பத்தியாவதுமான சி.ஆர்.பி. என்னும் புரதம், சொரியாசிஸ் கடுமையாகும்போது பலருக்குச் சற்றே உயர்கிறது. வெள்ளணுக்களின் எண்ணிக்கையில் நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்துப் பார்க்கும் விகிதமும், அதிகச் செலவில்லாத சாதாரண இரத்தப் பரிசோதனையிலிருந்தே கிடைப்பதால், ஆராய்ச்சியாளர்களைக் கவர்ந்திருக்கிறது. ஆயினும், இவையெல்லாம் ஊரில் எங்கோ புகை எழுகிறது என்று அறிவிக்குமேயொழிய, பற்றியது எவர் வீட்டுக் கூரை என்று சொல்ல மாட்டா. சாதாரண ஜுரமோ, சொத்தைப் பல்லோ, உடற்பருமனோ இருந்தால்கூட இவை உயர்ந்துவிடும்.

இவற்றினும் நெருங்கிய ஓர் அடையாளம், குப்பையென்று கருதி உதறித் தள்ளும் செதிலிலிருந்தே கிடைத்தது. வெடித்தும் உதிர்ந்தும் கிடக்கும் இந்தச் சருமத்தில் கிருமிகள் ஏன் எளிதில் குடியேறுவதில்லை என்ற புதிரைத் தொடர்ந்து சென்ற ஜெர்மனியின் கீல் நகரத்து விஞ்ஞானிகள் ஹார்டரும் ஷ்ரோடரும், அவர்களுடைய சகாக்களும், சொரியாசிஸ் செதில்களிலிருந்து கிருமிகளைக் கொல்லும் ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்து 1997-இல் உலகுக்கு அறிவித்தனர். பீட்டா டிஃபென்சின்-2 என்னும் அப்புரதத்தைச் சுரக்கும்படி தோலைத் தூண்டுவதும் இன்டர்லூகின்-17-தான் என்பதும், இரத்தத்தில் அதன் அளவு 'பாசி' எண்ணோடு ஒத்து ஏறுகிறதென்பதும், அந்தத் தூதை அடக்கும் மருந்து கொடுத்தால் இறங்குகிறதென்பதும் பின்னர் தெரிய வந்தன. எனினும், இதுவும் இன்னும் ஆராய்ச்சிசாலையை விட்டு நம் ஊர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வழக்கமாக வந்துவிடவில்லை.

ஒருநாள் அது வந்தாலும், உள்ளே மூண்டிருக்கும் அழற்சியைத்தான் அது அளக்குமேயன்றி, நோயாளி படும் பாட்டை அளக்காது. இதை உணர்ந்தே, பின்லே, கான் என்னும் இருவர் 1994-இல் வகுத்த பத்துக் கேள்விகளை வைத்தியர்கள் இன்றும் கேட்கிறார்கள்: அரிப்பு எவ்வளவு, வெட்கம் எவ்வளவு, உடுக்கும் உடையை நோய் மாற்றியதா, வேலையைத் தடுத்ததா என்பன போன்றவை அவை. பிற இடங்களை விட்டுவிட்டு ஒரு தச்சருடைய வலது உள்ளங்கையில் மட்டும் இந்தப் படை வந்து வெடித்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம்; 'பாசி' எண் அற்பமாயிருக்கும், இரத்தமும் பெரும்பாலும் சலனமற்றிருக்கும், அவரோ உளியைப் பிடிக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார். சரீரக் கணக்கில் நூற்றில் ஒரு பங்கான அந்தக் கை, அவருடைய குடும்பக் கணக்கில் முழு நூறு.