அழ நேரமில்லாத சாவு

மலக்குழியில் விஷவாயு தாக்கி ஒருவர் இறந்தால், மறுநாள் செய்தியில் அவர் பெயரும் வயதும் வரும். அதன்பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது வருவதில்லை. 1993 முதல் பதிவான இத்தகைய மரணங்களில் தமிழ்நாடுதான் முதலிடம் என்கிறது மத்திய அரசின் கணக்கு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள்.

நோயில் கிடந்து சாகிறவர் வீடு அந்தச் சாவுக்கு மெல்ல மெல்லத் தயாராகிவிடும். இங்கே, காலையில் டீ குடித்துவிட்டு "மதியத்துக்குள்ள வந்துடுவேன்" என்று கிளம்பியவர் திரும்பி வருவதில்லை. யாரோ போன் செய்வார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிடும். வருடக்கணக்கான பிறகும் போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லும் பெண்கள் உண்டு.

அடுத்தது பிணவறை வாசல். கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று மட்டும் பதிந்து வழக்கை முடிக்கப் பார்ப்பார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வழக்கில் சேர வேண்டுமானால் உடலை வாங்க மறுத்து உட்கார வேண்டியிருக்கிறது. நமக்கு வேறு பிடிமானம் இல்லை. ஆனால் அதற்கு அந்தக் குடும்பம் கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டு நாளும் மனைவி அழுவதில்லை. ஆதார் நகல் எடுக்கிறார், வாரிசு விவரம் சொல்கிறார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். உடல் கைக்கு வரும்போது துணியில் இறுகக் கட்டப்பட்டிருக்கும். "நாளாயிடுச்சு, சீக்கிரம் எடுங்க" என்று போலீஸ் அவசரப்படுத்தும். வாசலில் அரை மணி நேரம் வைப்பார்கள். சில நேரம் அதுவுமில்லாமல் நேரே சுடுகாடுதான்.

நம் சாவு வீட்டுக்கென்று ஒரு முறை இருந்தது. பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அவர் எடுத்துக் கொடுத்த சேலை, போட்ட சண்டை, அடைக்காமல் போன கடன் எல்லாம் அதில் வரும். செத்தவரைத் திட்டவும் அதில் இடமுண்டு. கல்லூரியில் கையறுநிலை என்று துறை பிரித்துப் படித்ததை நம் கிழவிகள் தெருவில் செய்துகொண்டிருந்தார்கள். ஊர்ச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்றது உரிமைப் போராட்டம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஒப்பாரியையும் அதோடு சேர்த்து நாகரிகமில்லாதது என்று நம் படித்த பிள்ளைகள் ஒதுக்கியதில்தான் வருத்தம். ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுவிட்டால் யாரும் வாய்விட்டு எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று அழாத அழுகை பிறகு வேறு உருவத்தில் வருகிறது. கழிவுநீர் லாரியைப் பார்த்தாலே சாலையோரம் உட்கார்ந்துவிடும் ஒரு பெண்ணைத் தெரியும். "அன்னைக்கு வேலைக்குப் போகலைன்னுதான் சொன்னாரு தோழர். வாடகை குடுக்கணும்னு நான்தான் கெளப்பி விட்டேன்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். மேலே நின்று உயிர்தப்பியவர்களுக்கும் இதே வேதனை. ஒருவர் இறங்கி மயங்குவார், அவரைத் தூக்கத் தம்பி இறங்குவார், அவரும் திரும்புவதில்லை. கூட வந்தவர், "நான் எறங்கலையே" என்று குடித்துக் குடித்தே கரைகிறார்.

"உன்மேல தப்பில்லம்மா" என்ற ஒரு வரி இவர்களுக்குப் போதாது. அந்த வாயு எப்படிக் கொல்கிறது என்பதை விளக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் மோப்பத் திறனே போய்விடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் சில மூச்சிலேயே நினைவிழப்பார். கருவி இல்லாமல் இறங்கியிருந்தால் இவரும் செத்திருப்பார். பாதுகாப்புச் சாதனம் தராமல் ஆளை இறக்கியவர்தான் குற்றவாளி, வாடகை கேட்ட மனைவி அல்ல. இதைப் பலமுறை, பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பணமும் துக்கத்தோடு சிக்கிக்கொள்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அது உரிமை. ஆனால் பணம் வந்த அன்றே "அவளுக்கென்ன, லட்சக்கணக்குல வந்திருக்கு" என்ற பேச்சும் வந்துவிடும். அவர் நல்ல சேலை கட்டினாலும் கணக்கு, சிரித்தாலும் கணக்கு. மாமியாரும் மருமகளும் பங்குக்காக முகம் பார்க்காமல் போகிறார்கள். ஒரே மனிதருக்காகச் சேர்ந்து அழ வேண்டிய இருவர்!

ஆறு மாதத்துக்கு மேலும் இறந்தவரின் ஏக்கத்திலேயே உழன்று, அன்றாட வேலை ஓடாத துயரத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இதற்கு உதவி உண்டு. பேய் பிடித்துவிட்டது என்று கோயில் கோயிலாக அலைய வேண்டாம். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. செத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அன்றே அழைக்க வேண்டும், அவரைத் தனியே விடக் கூடாது.

பதினாறாம் நாள் காரியத்தோடு கூட்டம் கலைந்துவிடுகிறது. வீடு அதன்பிறகுதான் வெறிச்சோடும். இதே மாதிரி கணவனை இழந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் அந்த வீட்டுக்கு மாதம் ஒருமுறை போய், சோறாக்கி, கூட உட்கார்ந்துவிட்டு வந்தால் நல்ல பலன் இருக்கிறது. நாங்கள் போனால் பேசாதவர்கள் அவர்களிடம் பேசுகிறார்கள்.

ஒவ்வொரு சாவுக்கும் நாம் கொடுக்கும் மனுவில் இழப்பீடு, வேலை, வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று நான்கு கோரிக்கைகள் இருக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதை, கடந்த மாதம் ஆட்சியரிடம் கொடுத்த மனுவில் ஐந்தாவதாக எழுதியிருக்கிறோம்.