பூச்சியைக் கொல்லும் நிகோடின் கிருமியை வளர்க்கும்! தெரியுமா?

புகையிலைச் செடி தன் வேரில் நிகோடினைத் தயாரித்து இலைகளுக்கு அனுப்புகிறது. எதற்குத் தெரியுமா? இலையைத் தின்ன வரும் பூச்சிகளை ஒழிக்க! நம் விவசாயிகள் பயிருக்குப் புகையிலைக் கரைசல் தெளிப்பதும் அதனால்தான். அப்படியானால் புகைபிடிப்பவர் உடம்பில் கிருமிகளும் செத்துவிடுமா? இல்லவே இல்லை, நடப்பது நேர்மாறு!

பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தார் நிகோடினில் வளர்த்துப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவு என்ன தெரியுமா? நிகோடின் கூடக்கூட, பல்லில் ஒட்டிக்கொள்ளும் அதன் படலமும் கூடியது! வளர்ச்சியை நிறுத்த மில்லிலிட்டருக்கு 16 மில்லிகிராம் தேவைப்பட்டது. புகைப்பவரின் எச்சிலில் அவ்வளவு சேர்வதே இல்லை.

ஈறிலிருந்து ரத்தம் வராவிட்டால் ஈறு நலம் என்று நினைக்கிறீர்களா? புகைப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றினாலும் ரத்தம் குறைவாகவே கசியும்! நோய் உள்ளே எலும்பை அரிக்கும். வெளியே அடையாளம் தெரியாது.

பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி, சிகரெட் புகை பட்டால் இன்னும் முரடாகிறது தெரியுமா? சான் டியேகோ ஆய்வாளர்கள் கண்டது இது. கிருமியின் மேற்பரப்பில் மின்னூட்டம் மாறிவிடுகிறது. அதைத் துளைக்க நம் உடல் அனுப்பும் புரதத் துணுக்குகள் ஒட்ட முடியாமல் போகின்றன! இ-சிகரெட் ஆவி பட்ட கிருமியும் எலிகளின் நுரையீரலில் கூடுதலாகவே ஆட்டம் போட்டது.

சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் நடந்த மாபெரும் ஆய்வு தெரியுமா? இறந்த 43,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டி, மருத்துவர் வேந்தன் கஜலட்சுமி குழு 2003-இல் லான்செட் இதழில் வெளியிட்டது. புகைக்காதவரைவிடப் புகைப்பவர் காசநோயால் சாகும் வாய்ப்பு 4 மடங்குக்கும் மேல்! புகையால் சோர்ந்த நுரையீரலில், அடங்கிக் கிடந்த காசநோய்க் கிருமி எழுந்துவிடுகிறது.

இன்னொரு வியப்பு! நிகோடினையே உணவாக்கி உயிர்வாழும் பாக்டீரியா ஒன்றும் உண்டு: சூடோமோனாஸ் புடிடா. சீனாவின் ஷான்டோங் மாகாணப் புகையிலை வயல் மண்ணில் கிடைத்தது. அதன் நொதியை ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தார் 2015-இல் எலியின் ரத்த நீரில் சோதித்தார்கள். நிகோடின் பாதியாகக் குறைய 2 முதல் 3 மணி நேரம் பிடிப்பது, 9 முதல் 15 நிமிடமாகச் சுருங்கியது!

அந்த நொதி மருந்தாக வரும்வரை காத்திருக்காதீர்கள். புகையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. இன்றே அழையுங்கள்!