வளையம் அறிவிக்கும் வழி

பங்குனி கழிந்து சித்திரை வெயில் ஏறுகையில், தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியிலும் மண்டைதீவுக் கரையிலும் சுண்டிக்குளத்துச் சேற்றுவெளியிலும் மாரி முழுவதும் இரை பொறுக்கித் திரிந்த உள்ளான்கள் கூட்டங் கூட்டமாக எழுந்து மறைவதைக் காண்கிறோம். அவை வடக்கே போகின்றன என்பது பிரத்தியட்சம். ஆயினும் எந்தத் தேசத்துக்கு, எவ்வழியாகப் போகின்றன என்பதையும், அடுத்த ஐப்பசியில் வந்து இறங்குவது அதே பறவைதானா என்பதையும் வெறுங் கண்ணால் அறிய இயலாது.

அதனை அறியும் உபாயமே கால்வளையமிடுதல். 1899 ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்து ஆசிரியரான மார்ட்டென்சன், இலக்கமும் விலாசமும் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்துப் பறவைகளின் காலில் இட்டுப் பறக்கவிட்டார். நெடுங்கடல் கடக்கும் பறவைகள் களைத்து இறங்கும் தீவுகள் இவ்வாராய்ச்சிக்கு மிக உகந்தவை என்பதால், வடகடலின் ஹெல்கோலாந்துத் தீவில் 1910 இல் ஒரு நிலையம் நிறுவப்பட்டது. நமக்கு அயலிலே, பாக்குநீரிணைக்கு அப்பால் கோடியக்கரையில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகளாக இப்பணியைச் செய்துவருகிறது. இலங்கையின் தென்கரைப் புந்தலவில் களப் பறவையியல் குழுவும் வனசீவராசிகள் திணைக்களமும் 2005 இல் இதனைத் தொடங்கின.

இருளில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலையில் அகப்படும் பறவையை மெல்ல விடுவித்து, வளையமிட்டு, சிறகை அளந்து, துணிப்பையிலிட்டு நிறுத்து, கழுத்தடி இறகை ஊதி விலக்கித் தோலுக்குக் கீழே தேங்கிய கொழுப்பைப் பார்த்துக் குறித்தபின் பறக்கவிடுவார்கள். வசந்தகாலத்தில் இக்குறிப்புக்குத் தனி மதிப்புண்டு. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிடும் வளைமூக்கு உள்ளான், மார்பு செம்மண் நிறமேறி, உடல் பருத்துப் புறப்படும் காலம் அது. வந்தபோதிருந்த எடைக்கும் போகும்போதுள்ள எடைக்கும் இடையிலான பேதம், நம் சேறு அதற்கு ஊட்டிய உணவின் கணக்கு.

வளையமிட்ட பறவை மீண்டும் ஒருவர் கையில் அகப்பட்டாலன்றி விடை கிடைக்காது என்ற குறையை, விண்கோள் வழியே இடமறியும் கருவி தீர்த்துவைத்தது. கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மன்னார்த் தீவில் கருவி பொருத்திய ‘மேகா’ என்னும் கடற்காகம், 2021 இல் ரஷ்யாவின் யமால் குடாநாடு வரை சென்று, ஏறக்குறைய 19,000 கிலோமீட்டர் பறந்து, மன்னாருக்கே மீண்டது.

ஆதலால் நம் நீரேரிகள் பயனற்ற உவர்நிலம் அல்ல. பனித்தேசத்திலே குஞ்சு பொரிக்கப் போகும் ஜீவன்கள் வழிக்குக் கட்டுச்சோறு கட்டும் இடம். அங்கே மண்ணை நிரப்புவதும் குப்பை கொட்டுவதும் அக்கட்டுச்சோற்றைப் பறிப்பதாகும். வளையமணிந்த பறவை உயிரோடு அகப்பட்டால் வளையத்தைக் கழற்றாது, அதன் இலக்கத்தை எழுதிக்கொண்டு பறவையை விடுத்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.