நீதிபதியின் பின்னணியும் அவர் தீர்ப்பும்

யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில் ஆறு வசன இடைவெளியில் இரு கட்டளைகள் காணப்படுகின்றன. வழக்கில் நிற்பவன் ஏழை என்பதற்காக அவன் பக்கம் சாயலாகாது என்பது ஒன்று (23:3). எகிப்தில் அந்நியராய் வாழ்ந்த இஸ்ரவேலர் அந்நியன் படும் பாட்டை உள்ளூர அறிந்தவர்களாதலின் அவனை ஒடுக்கலாகாது என்பது மற்றொன்று (23:9). முன்னது, நீதி வழங்குபவன் தன் உணர்ச்சியை ஒதுக்கி வைக்குமாறு கூறுகிறது. பின்னதோ அவனுடைய கடந்தகால அனுபவத்தையே நீதிக்கு ஆதாரமாகக் காட்டுகிறது. ஒரு நீதிபதியின் பிறப்பும் சமயமும் வளர்ப்பும் அவருடைய தீர்ப்பில் இடம்பெறலாமா என்ற வினாவை ஆராய்வதற்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதிக்கப்பட்ட ஒரு வழக்கு நமக்குப் பெரிதும் உதவும்.

பென்சில்வேனியா மாநிலத்து மைனர்ஸ்வில் என்னும் சிற்றூரில், 1935ஆம் ஆண்டு 12 வயதும் 10 வயதுமான இரு பிள்ளைகள் கொடிவணக்கம் செய்ய மறுத்தமையால் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். அவர்கள் குடும்பத்தினர் யெகோவாவின் சாட்சிகள். கொடிக்கு வணக்கம் செலுத்துவது விக்கிரக வணக்கம் என்பது அவர்கள் கொள்கை. (இக்கூட்டத்தாரின் உபதேசம் நம் சபைகளுக்கு உடன்பாடானதன்று. இவ்வழக்கை நாம் கவனிக்க அதுவும் ஒரு காரணம்.) 1940இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. அதனை எழுதியவர் நீதிபதி பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர். அதனைத் தொடர்ந்து நாட்டின் பல இடங்களில் யெகோவாவின் சாட்சிகள் கும்பல்களால் தாக்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1943 ஜூன் 14 அன்று, மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த வழக்கில் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தன் பழைய தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. பிராங்க்பர்ட்டர் தம் நிலையினின்று அசையாமல், நீண்டதொரு மாறுபட்ட தீர்ப்பை எழுதினார்.

அத்தீர்ப்பின் தொடக்கம் வியப்புக்குரியது. பிராங்க்பர்ட்டர் யூதர். வரலாற்றில் மிகுதியாக இகழப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையைச் சேர்ந்த தமக்கு இவ்வுரிமைகளின் அருமை தெரியாததன்று என்று தொடங்கி, எனினும் நீதிபதிகள் என்ற முறையில் தாம் யூதருமல்லர், புறவினத்தாருமல்லர் என்று கூறுகிறார். கலாத்தியர் 3:28ஐ அறிந்தவர்க்கு அதன் சாயல் இங்கே புலப்படாமற் போகாது. அவர் கல்நெஞ்சர் அல்லர். 1927இல் மரண தண்டனைக்குள்ளான சாக்கோ, வான்சேத்தி என்னும் இத்தாலியக் குடியேறிகளின் வழக்கு விசாரணையைக் கண்டித்து எழுதியவர். சட்டமன்றம் இயற்றியதைத் தம் விருப்பு வெறுப்பால் நீதிபதி தள்ளலாகாது என்பதே அவருடைய வாதம். அதனை எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பிராங்க்பர்ட்டர் 1882இல் வியன்னாவில் பிறந்து, ஆங்கிலம் அறியாச் சிறுவராய் 1894இல் நியூயார்க் வந்து, அங்குள்ள பொதுப்பள்ளியில் பயின்று உயர்ந்தவர். பலதிறப்பட்ட மக்களை ஒரே நாட்டவராக்குவதில் பள்ளிக்கும் கொடிக்கும் அவர் 1940ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அளித்த இடம் மிகப் பெரிது. யூதர் என்ற பின்னணியை வாசலில் நிறுத்திய அவர், நன்றியுள்ள குடியேறி என்ற பின்னணியை அறியாமலே உள்ளே அழைத்துச் சென்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டிலும் இத்தகைய வழக்கு எழுந்தது. 1985 ஜூலையில் கேரளத்தில் அதே கூட்டத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும் பாடாதிருந்தமையால் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் பாடலின் சொற்களை ஆராய்ந்து, எவருடைய சமய உணர்வையும் புண்படுத்தக்கூடியது அதில் யாதுமில்லை எனக் கண்டு, பிள்ளைகளின் மனுவைத் தள்ளியது. 1986 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அத்தீர்ப்பை மாற்றினார். ஒரு நம்பிக்கை நீதிபதியின் அறிவுக்கோ உணர்வுக்கோ ஏற்கிறதா என்பது கேள்வியன்று. அது மனச்சாட்சிப்படி உண்மையாகக் கொள்ளப்பட்டதா என்பதே கேள்வி. நீதிபதியின் சொந்தக் கருத்துக்கு அங்கே இடமில்லை என்பது அவர் விளக்கம். பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணை பிறந்தது.

பிராங்க்பர்ட்டர், சின்னப்ப ரெட்டி ஆகிய இருவருமே 'என்னை நான் விலக்கி வைக்கிறேன்' என்றுதான் கூறினர். முடிவுகளோ எதிரெதிரானவை. முன்னவர், துன்புற்ற இனத்தவர் என்ற தம் அறிவைப் பயன்படுத்த மறுத்தார். பின்னவர், பிறர் மனச்சாட்சியைத் தம் மனச்சாட்சியால் அளக்க மறுத்தார். யாத்திராகமத்தின் இரு கட்டளைகளையும் இவ்வாறே பிரித்துணரலாம் போலும்: பக்கம் சாயாதே என்பது தீர்ப்பு வழங்குவதைப் பற்றியது, எகிப்தை நினை என்பது வழக்கைச் செவிமடுப்பதைப் பற்றியது. அந்நியராய் வாழ்ந்திராதவர்க்குக் கேளாத சில சொற்கள், வாழ்ந்தவர்க்குக் கேட்கும்.

நம் சேகரங்களில் ஒழுங்கு விசாரணை நடத்தும் ஆயரும் ஒரு வகையில் நீதிபதியே. தம் உறவினர் சம்பந்தப்பட்ட விசாரணையினின்று அவர் விலகிக்கொள்வது எளிது. பலரும் அவ்வாறு செய்கின்றனர். எதிரே நிற்பவர் தம் சாதியினர் அல்லர் என்பதால் அவர் கூறும் சொல் தம் செவியில் எவ்வாறு விழுகிறது என்பதை, தீர்மானம் எழுதப்படுமுன் தமக்குள்ளே கேட்டுக்கொள்ளும் ஆயர் எத்தனைபேர்?