முகர்வுக் குறைபாடுகளும் தமிழ்க் கலைச்சொற்களும்

1. முன்னுரை

மைசூருக்குத் தெற்கே கபினி ஆற்றங்கரையில் அமைந்த நஞ்சன்கூட்டில், 2020 மார்ச் இறுதியில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர்களிடையே கொரோனாத் தொற்று பரவியது. மணம் அறிய இயலாமை அப்போது நடுவண் அரசின் அறிகுறிப் பட்டியலில் இடம்பெறவில்லை. 2020 ஜூன் 13 அன்றுதான் நலவாழ்வு அமைச்சகம் அதனைச் சேர்த்தது. இக்குறைபாட்டை நோயாளியிடம் எச்சொல்லால் வினவுவது என்னும் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. முகர்வும் சுவையும்

மூக்கறையின் மேற்பகுதிச் சவ்வில் உள்ள நரம்பணுக்களின் ஏற்பிகள் மண மூலக்கூறுகளைப் பற்றி மூளைக்கு உணர்த்துகின்றன. மனிதரிடம் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. இவற்றின் மரபணுக் குடும்பத்தை 1991இல் வெளிப்படுத்திய லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். சளி, தலைக்காயம், பார்க்கின்சன் நோய், பிறவிக் குறை முதலியவற்றால் இவ்வமைப்பு கெடலாம். கொரோனாவில் நரம்பணுக்களைத் தாங்கும் துணையணுக்களே பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

மெல்லும் உணவின் மணம் தொண்டை வழியாகவும் மூக்கை அடைகிறது. மணத்துக்குப் பெயர்பெற்ற நஞ்சன்கூடு ரசபாளைப் பழத்தின் இனிப்பை நா அறியும். அது ரசபாளை என்பதை அறிவிப்பது மூக்கே. எனவே முகர்வை இழந்தவர் பலர் ‘ருசி தெரியவில்லை’ என்றே முறையிடுவர். இதனை நாவின் குறையாகப் பெயர்ப்பது பிழைபட்ட நோயறிதலுக்கு இடந்தரும்.

3. சொற்களின் சாய்வு

‘நாற்றம்’ பண்டைத் தமிழில் நன்மணத்தையும் குறித்தது. இழிபொருட்பேற்றால் இன்று தீமணத்தையே குறிக்கிறது. கன்னடத்தில் ‘நாறு’ என்னும் வினையும் அவ்வாறே. ஆனால் இருமொழிக்கும் பொதுவான வடசொல் வேறுபடுகிறது. தமிழில் ‘வாசனை வருகிறது’ என்பது பெரும்பாலும் நன்மணம். கன்னடத்தில் ‘வாசனெ’ பொதுச்சொல்; பேச்சுவழக்கில் தீமணத்தையும் சுட்டும். நன்மணத்துக்குச் ‘சுவாசனெ’, ‘பரிமள’ என்பன உள்ளன. எனவே கன்னட மருத்துவக் குறிப்பின் ‘வாசனெ’யைத் தமிழில் ‘வாசனை’ என இடுவது ஒலியொப்புமை தருமேயன்றிப் பொருளொப்புமை தராது.

4. பொருட்சாய்வின் விளைவு

‘வாசனை தெரிகிறதா?’ என வினவினால், நோயாளி மல்லிகையையும் காப்பியையும் எண்ணி விடையளிப்பார். எனினும் பேரிடர் மறுபுறத்தில் உள்ளது. சமையல் எரிவாயு இயல்பாக மணமற்றது. கசிவை அறிவதற்கென்றே எத்தில் மெர்காப்டன் என்னும் நெடிமிக்க பொருள் கலக்கப்படுகிறது. முகர்விழந்தவருக்கு இவ்வெச்சரிக்கை எட்டாது. கருகல், ஊசிய சோறு ஆகியனவும் அவ்வாறே. ஆகவே ‘பூவின் மணம், எரிவாயு நெடி, கருகல் வாடை ஆகியவை தெரிகின்றனவா?’ எனப் பிரித்து வினவுதல் தகும்.

இதன் மறுதலையும் உண்டு. முகர்வு திரிந்தவர் ‘காப்பி நாறுகிறது’ என்பார். கெட்டது காப்பியன்று, முகர்வே என்பது மொழிபெயர்ப்பில் புலப்பட வேண்டும்.

5. கலைச்சொல் தேர்வு

‘நுகர்வுத்திறன் இழப்பு’ என்னும் ஆட்சியில் ஓர் இடர் உண்டு. ‘நுகர்தல்’ துய்த்தலையும் குறிக்கும். ‘நுகர்வோர்’ என்னும் வணிகச்சொல் நிலைபெற்றபின் பொருள்மயக்கம் மிகுந்துள்ளது. ‘முகர்தல்’ என்பதோ மூக்கின் தொழிலுக்கே உரியது. நன்மை தீமைச் சாய்வும் அற்றது. அதனை அடியாகக் கொண்டு பின்வருமாறு வகுக்கலாம்:

அ) முகர்விழப்பு - மணம் அறவே தெரியாமை
ஆ) முகர்வுக்குறை - மணம் மங்கித் தெரிதல்
இ) முகர்வுத்திரிபு - ஒரு மணம் வேறாகத் தெரிதல்
ஈ) பொய்முகர்வு - இல்லாத மணம் தெரிதல்

6. முடிவுரை

ஏட்டுக்கு இந்நான்கும் போதுமானவை. நோயாளியிடம் வினவும்போது ‘மணம்’, ‘நெடி’, ‘வாடை’ என்னும் வழக்குச் சொற்களே வேண்டும். கலைச்சொல் ஆக்குவோர் இவ்விரு நிலைகளையும் ஒருங்கே தருதல், நோயாளியின் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது.